குட்டிக்கரணத்துக்கு எத்தனை மார்க்? வேக்போர்டிங் கேள்வி – பதில்

யூடியூபில் ஒரு வேக்போர்டிங் (படகின் கயிற்றைப் பிடித்து ஒற்றைப் பலகையில் நீர்மேல் சறுக்குவது) போட்டி பார்த்தேன். அந்தரத்தில் நான்கு குட்டிக்கரணம் அடித்தவரைவிட இரண்டே அடித்தவருக்கு மதிப்பெண் அதிகம். இது எந்தக் கணக்கு?
– வாசகர், திருநெல்வேலி

வித்தைக்கு இத்தனை புள்ளி என்று அட்டவணை வைத்துக் கூட்டுவது வாட்டர் ஸ்கீயிங்கின் ‘டிரிக்ஸ்’ பிரிவில். அங்கே 20 விநாடி வீதம் இரண்டு வாய்ப்பு. செய்த வித்தைகளின் புள்ளிகளைக் கூட்டினால் தீர்ந்தது. படகு இழுக்கும் வேக்போர்டிங்கில் அந்த அட்டவணை கிடையாது. நடுவர்கள் முழு ஓட்டத்தையும் பார்த்து 100க்கு மார்க் போடுகிறார்கள். பரவலாக உள்ள முறையில் அந்த நூறு மூன்று சம பங்காகப் பிரியும்: நேர்த்தி, வீரியம், அமைப்பு; ஒவ்வொன்றுக்கும் 33.3.

நீங்கள் பார்த்த போட்டியில் முடிவை மாற்றியது பெரும்பாலும் அமைப்பாகத்தான், அதாவது வித்தைகளைக் கலந்து தரும் விதமாகத்தான் இருக்கும். படகு கிளப்பும் அலைமேட்டை நோக்கிக் குதிகால் பக்கம் சாய்ந்து வருவது ஹீல்சைடு, விரல் பக்கம் சாய்ந்து வருவது டோசைடு. வழக்கமான காலை முன்வைத்தும் வரலாம், காலை மாற்றி ‘ஸ்விட்ச்’ நிலையிலும் வரலாம். ஆக நான்கு வழிகள். டான்ட்ரம், பேக்ரோல் இரண்டும் பார்க்க அசத்தலான கரணங்கள்தான். ஆனால் இரண்டும் ஹீல்சைடில் கிளம்புபவை. நான்கு கரணமும் அதே பக்கத்திலிருந்து வந்தால் நடுவருக்குப் புதிதாக எதுவும் தெரியாது. டோசைடில் ஒரு கரணம், ஸ்விட்சில் ஒரு சுழற்சி, இடையில் வேறு வேறு கிராப் (பலகையைக் கையால் பிடிப்பது) என்று கலந்து தருபவர் இங்கே முந்திவிடுவார். செய்ததையே திரும்பச் செய்வது, கிடைத்த நேரத்தை வீணடிப்பதுதான்.

வீரியம் என்பது உயரமும் கடினமும். படகுக்குப் பின்னால் இருபுறமும் எழும் அலைமேடுகளில் ஒன்றில் கிளம்பி எதிர் மேட்டின் வெளிச்சரிவில் இறங்குவதே முழுத் தாவல். பாதியிலேயே, இரு மேட்டுக்கும் நடுவில் இறங்கினால் வித்தை முடிந்தாலும் மதிப்பு குறையும். கிளம்பும் கணத்தில் சாய்வைத் தளர்த்திப் பலகையைத் தட்டையாக வைப்பதே இதற்கு முக்கியக் காரணம். அலையின் உச்சி வரை கயிற்றை இறுக்கத்தில் வைத்திருப்பவர் தானாகவே தூரம் போவார்.

இறங்கும்போது பின்புறம் தண்ணீரில் பட்டு எழுந்தால் எவ்வளவு கழிப்பார்கள்?
– வாசகி, கோயம்புத்தூர்

இதற்கு இவ்வளவு என்று நிலையான கழிவு கிடையாது. நேர்த்தியில் அடி விழும். உட்கார்ந்து எழுவது, கையால் தண்ணீரை ஊன்றுவது, சுழற்சியை அந்தரத்தில் முடிக்காமல் மீதியைத் தண்ணீர்மேல் வழுக்கித் திருப்புவது, மூன்றையும் நடுவர்கள் உடனே குறித்துக்கொள்வார்கள். 540 என்றால் ஒன்றரைச் சுற்று. 450 பாகையில் இறங்கிவிட்டு மிச்சத்தை நீரில் முடித்தால் அது சுத்தமான 540 ஆகாது. (1999இல் அமெரிக்க வேக்போர்டிங் வீரர் பார்க்ஸ் போனிஃபே 1080 போட்டார், மூன்று முழுச் சுற்று!)

கிராபிலும் இதே கண்டிப்பு. விரல் நுனியால் தட்டிவிட்டு எடுப்பது கிராப் அல்ல. பலகையின் விளிம்பைப் பிடித்து, தாவலின் உச்சியில் ஒரு கணமாவது நிறுத்திக் காட்ட வேண்டும். பூட்ஸைப் பிடிப்பவர்கள் உண்டு. தெரிந்தவர் கண்ணுக்கு அது பிழை. இன்னொரு வித்தையைச் சேர்ப்பதைவிட இருக்கிற வித்தையில் கிராபை ஒழுங்காகப் பிடிப்பது பயன் தரும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

விழுந்தால் ஆட்டம் காலியா?
– வாசகர், சிங்கப்பூர்

படகுப் போட்டிகளில் பொதுவாக இரண்டு முறை விழலாம். படகு திரும்பி வந்து தூக்கிக்கொள்ளும். மூன்றாவது விழுதலோடு ஓட்டம் முடிந்தது. ஆனால் விழுந்த வித்தைக்கு மதிப்பில்லை, எழுந்து நிலைக்கு வருவதற்குள் இரண்டு வித்தைக்கான தூரமும் போய்விடும். அனுபவசாலிகள் நிச்சயமாக நிற்கும் வித்தையோடு ஆரம்பித்து, சந்தேகமானதைக் கடைசிக்கு வைப்பது அதனால்தான்.

படகின் வேகத்தை யார் தீர்மானிப்பது?
– வாசகர், மதுரை

வீரரே. மணிக்கு 35 முதல் 39 கி.மீ. என்பது வழக்கம், கயிறு சுமார் 20 முதல் 25 மீட்டர். வேகம் கூடினால் அலைமேடு இறுகி ஓரம் கூர்மையாகும், குறைந்தால் நுரைத்து உடையும். கயிற்றை நீட்டினால் இரு மேட்டுக்கும் இடைவெளி அகலும்; தாண்டும் பலம் வராமல் நீட்டக்கூடாது.