தொலைபேசி லைனில் மின்சாரம் குறைவுதானே, கேபிள் வேலையில் என்ன ஆபத்து?

48 வோல்ட் லைனில் எப்படி உயிர் போகும் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆபத்து அந்தக் கம்பியில் இல்லை, அதே கம்பத்தில் மேலே ஓடும் மின்கம்பியில் இருக்கிறது. இழுக்கும் கேபிள் ஒரு துள்ளு துள்ளி அதில் பட்டால் போதும். ஷாக் லேசாக இருந்தாலும் கை உதறி, பிடி நழுவி, ஆள் கீழே விழுந்துவிடுவார். பெல்ட் மாட்டியிருந்தாலும் மரக்கம்பம் அடியில் உளுத்திருந்தால் கம்பத்தோடு சாய வேண்டியதுதான். ஏறுமுன் சுத்தியலால் தட்டிப் பாருங்கள்: நல்ல மரம் கணீரென்று ஒலிக்கும், உளுத்தது மந்தமாகத் தொப்பென்று கேட்கும்.

கேபிள் ஓடும் நிலத்தடிக் குழியான மேன்ஹோலில் வாயு அளக்காமல் யாரையும் இறக்கவே கூடாது. அப்புறம், ஃபைபர் கேபிளின் கண்ணாடி இழைத் துணுக்கு தோலில் ஏறினால் கண்ணுக்கே தெரியாது. வெட்டியதை உடனே மூடியுள்ள டப்பாவில் போடுங்கள். தோள்வலியும் இடுப்புவலியும் வேலைக் காயம்தான், அதையும் எழுதி வைக்கச் சொல்லுங்கள்.