ஆட்டம் முடியும் நேரத்தில் முட்டி சாய்கிறது

கேள்வி: என் மகளுக்கு வயது 16. கூடைப்பந்து ஆடுகிறாள். ஆட்டம் முடியும் நேரத்தில், தாவி இறங்கும்போது அவள் முட்டி உள்பக்கமாகச் சாய்வதாகப் பயிற்சியாளர் சொல்கிறார். வலி இல்லை. களைப்புதானே என்று விட்டுவிடலாமா?

பதில்: விட்டுவிடாதீர்கள். வலி வருவதற்கு முன்பே பயிற்சியாளர் கண்ணில் பட்டது நல்லதாகப் போயிற்று.

முட்டிக்குள் ஏ.சி.எல். என்றொரு ஜவ்வு இருக்கிறது. கீழ்க்கால் எலும்பு முன்னால் நழுவாமல் பிடித்திருப்பது அதுதான். பெரும்பாலும் யாரும் மோதாமலேயே அது கிழிகிறது: ஓடிவந்து சட்டென்று நிற்கும்போது, திரும்பும்போது, ஒற்றைக் காலில் இறங்கும்போது. பாதம் தரையில் பட்டதும் ஏறத்தாழ 50 மில்லி நொடிக்குள் கிழிந்துவிடுகிறது. அதன் பிறகு தசையை இறுக்க நேரமே கிடையாது. தரையைத் தொடும் முன்பே தசை தயாராக இருக்க வேண்டும். களைத்த தசை அதில் பிந்தலாம்.

ஆனால் களைப்பை மட்டும் குறை சொல்ல மாட்டேன். ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே ஜவ்வு கிழிந்தவர்களும் உண்டு. அடிப்படையில் வலு குறைவாக இருந்தால், களைப்பு அதை வெளியே காட்டிக்கொடுக்கிறது. வலுவான காலுக்கு அதே தாவல் சிறிய வேலை. களைத்த பிறகும் கொஞ்சம் கையிருப்பு மிஞ்சும்.

எந்தத் தசைக்கு வலு வேண்டும் என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். முன்தொடையை மட்டும் ஏற்றுகிறார்கள். முட்டி அதிகம் மடங்காதபோது முன்தொடைத் தசை கீழ்க்கால் எலும்பை முன்னே இழுக்கும். பின்னே இழுத்துப் பிடிப்பது பின்தொடைத் தசை. முட்டி உள்ளே சாயாமல் தடுப்பதில் இடுப்பின் பக்கத் தசைக்கும் பிட்டத் தசைக்கும் பெரிய பங்கு. இந்த மூன்றுக்கும் பயிற்சி வேண்டும், இரண்டு காலுக்கும் சமமாக. பருவமடைந்த பெண்களுக்கு இந்த ஆபத்து ஆண்களைவிடக் கூடுதல் என்பதால் உங்கள் மகளுக்கு இது இன்னும் அவசியம்.

அப்புறம், இறங்கும் முறை. முட்டியை மடக்கி, கால்விரல்களுக்கு நேராக வைத்து, சத்தமில்லாமல் இறங்கப் பழகட்டும். களைப்பில்லாத நேரத்தில், ஆட்டத்துக்கு முந்தைய வார்ம்-அப்பிலேயே செய்யலாம்: வாரம் 2 அல்லது 3 நாள், 15 முதல் 20 நிமிடம். ஆண்டு முழுக்க விடாமல் செய்ய வேண்டும். தூக்கம் 8 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது.

என்றைக்காவது 'டொப்' என்ற சத்தத்தோடு முட்டி பிசகி, சில மணி நேரத்தில் வீங்கினால், அன்றே ஆட்டத்தை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள்.