பறக்கத் தெரிந்தவனை அண்ணன் ஏன் தூக்கிச் செல்ல வேண்டும்?

கேள்வி: 2007ஆம் ஆண்டில், வேலையில் சேர்ந்த புதிதில், ‘ஹீரோஸ்’ என்ற அமெரிக்கத் தொடரின் முதல் பருவத்தை ஒரு பகுதிகூட விடாமல் பார்த்தேன். உயர்நிலை மூன்றில் படிக்கும் என் மகளுடன் சேர்ந்து, சனிக்கிழமை இரவுகளில் இரண்டிரண்டு பகுதிகளாக, அதே பருவத்தை அண்மையில் மீண்டும் பார்த்து முடித்தேன். இந்த வயதில் அவள் என்னுடன் மனம்விட்டுப் பேசியது அந்த இரவுகளில்தான். கடைசிப் பகுதி முடிந்ததும், “பீட்டருக்கே பறக்கத் தெரியுமே அப்பா, அவன் அண்ணன் வந்து ஏன் தூக்கிக்கொண்டு போக வேண்டும்?” என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. “கதைதானேம்மா, விடு” என்றேன். “இத்தனை வாரமும் நீங்கள் அப்படிச் சொல்லவில்லையே” என்று சொல்லிவிட்டு அறைக்குள் போனாள். அதன் பிறகு இரண்டு சனிக்கிழமைகள் கடந்துவிட்டன. அவள் கூடத்துக்கு வரவில்லை. இரண்டாம் பருவத்தைப் போட்டால் வருவாளா? தொலைக்காட்சித் தொடருக்காகக் கடிதம் எழுதுவதற்கே கூச்சமாக இருக்கிறது.
– ஒரு தந்தை, ஈசூன்

பதில்:

அன்புள்ள சகோதரருக்கு,

கூச்சப்பட இதில் ஒன்றுமில்லை. உங்கள் மகள் கேட்டது விளையாட்டுக் கேள்வி அன்று. அந்த இறுதிப் பகுதி ஒளிபரப்பான நாளிலிருந்தே கவனமாகப் பார்த்தவர்கள் கேட்டுவரும் கேள்வி அது. நானும் கேட்டிருக்கிறேன். அப்போது என் தம்பியும் நானும் ஒரே வீட்டில் இருந்தோம். நாள்காட்டியில் கிழித்த தாள்களின் பின்பக்கத்தில் யாருக்கு என்ன ஆற்றல், பீட்டர் யாரிடமிருந்து எதைப் பெற்றான் என்று அவன் பென்சிலால் பட்டியல் எழுதி, குளிர்பதனப் பெட்டியின் கதவில் காந்த வில்லையால் ஒட்டிவைப்பான். வாரந்தோறும் அந்தப் பட்டியல் நீளும். இறுதிப் பகுதியைப் பார்த்த அன்று இரவு, அதில் எதுவுமே பயன்படவில்லையே என்று சொல்லித் தாள்களை ஒவ்வொன்றாக எடுத்து மேசை இழுப்பறைக்குள் வைத்தான். உங்கள் மகள் அறைக்குள் போனாள் என்று படித்ததும் எனக்கு அந்த இழுப்பறைதான் நினைவுக்கு வந்தது.

தொடரைப் பார்க்காத வாசகர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டிம் கிரிங் உருவாக்கிய இத்தொடரின் முதல் பருவம் 2006 செப்டம்பரில் தொடங்கி 2007 மே 21ஆம் தேதி 23ஆம் பகுதியுடன் முடிந்தது. இதில் வருபவர்கள் முகமூடியோ சிறப்பு உடையோ அணிந்தவர்கள் அல்லர். தங்களிடம் ஏதோ ஓர் ஆற்றல் இருப்பதை ஒருநாள் திடீரென்று கண்டுகொள்ளும் சாதாரண மனிதர்கள். தோக்கியோ அலுவலகத்தில் மேசை வேலை பார்க்கும் ஹிரோ காலத்தை நிறுத்துகிறான். கிளேர் என்ற பள்ளி மாணவிக்கு எந்தக் காயமும் ஆறிவிடுகிறது. தாதியான பீட்டர், அருகில் இருப்பவர்களின் ஆற்றலைத் தனதாக்கிக்கொள்கிறான். சென்னையிலிருந்து நியூயார்க்குக்கு வரும் மரபியல் பேராசிரியருக்கு மொகிந்தர் என்று பஞ்சாபிப் பெயரை வைத்துவிட்டார்கள். ஆனாலும் அவராக நடித்தவர் செந்தில் ராமமூர்த்தி என்பதைப் பெயர்ப் பட்டியலில் வாசிக்கும்போதெல்லாம் எங்கள் வீட்டில் ஒரு மகிழ்ச்சி இருந்தது. இவர்கள் அனைவரையும் ஒரே இடத்துக்கு இழுப்பது, நியூயார்க் நகரம் வெடித்துச் சிதறும் காட்சியை ஓர் ஓவியர் முன்கூட்டியே வரைந்துவிடுவது.

அந்த ஓவியம்தான் தொடர் பார்வையாளர்களுக்கு எழுதிக் கொடுத்த உறுதிமொழி. நம் கூத்து மரபு அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. துரியோதனன் இரத்தம் தோய்க்காமல் கூந்தலை முடியமாட்டேன் என்று பாஞ்சாலி சபையில் சொன்னது நிறைவேறும் என்பது கூடியிருக்கும் அத்தனை பேருக்கும் தெரியும். தெரிந்தும் விடிய விடிய உட்கார்ந்திருப்பது, அந்தக் கூந்தல் எப்படி முடியப்படுகிறது என்பதைக் கண்ணால் காண்பதற்காக. முடிவு என்ன என்பதைவிட, முடிவுக்கு எப்படி வந்து சேர்கிறார்கள் என்பதே காத்திருப்புக்குக் கூலி.

‘ஹீரோஸ்’ தொடருக்கு இது தெரியாமல் இல்லை. கிளேரைக் காப்பாற்றினால் உலகைக் காப்பாற்றலாம் என்று எதிர்காலத்திலிருந்து வரும் ஹிரோ சுரங்க ரயிலில் பீட்டரிடம் சொன்னதை, ஒன்பதாம் பகுதியில், பள்ளியில் நடக்கும் அந்த இரவுக் காட்சியில், முழுமையாக நிறைவேற்றிக் காட்டினார்கள். அதனால்தான் மீதிக்கும் நம்பிக் காத்திருந்தோம். இருபதாம் பகுதியில், ஐந்தாண்டுகளுக்குப் பிந்தைய காலத்தில், பீட்டரும் கொலைகாரன் சைலரும் நேருக்கு நேர் மோதத் தொடங்கும் கணத்தில் கதவு மூடிக்கொள்ளும். அந்தச் சண்டையை நமக்குக் காட்டமாட்டார்கள். இறுதிப் பகுதிக்காகச் சேமித்து வைக்கிறார்கள் என்று நாங்கள் நினைத்தோம். உங்கள் மகளும் அப்படித்தான் நினைத்திருப்பாள்.

இறுதிப் பகுதியில் என்ன நடந்தது என்பதை நீங்கள் மீண்டும் ஒருமுறை மனத்தில் ஓட்டிப் பாருங்கள். கட்டடங்களுக்கு நடுவே ஒரு திறந்தவெளிச் சதுக்கம். காயம் ஆற்றிக்கொள்ளவும், காலத்தை நிறுத்தவும், கண்ணுக்குத் தெரியாமல் மறையவும், தொடாமலே பொருள்களை நகர்த்தவும் கற்றுக்கொண்ட பீட்டர், தன் எதிரியைக் கைமுட்டியால் சில குத்துகள் குத்துகிறான். இடையில், அபார உடல்வலிமையை ஆற்றலாகப் பெற்ற நிக்கி என்ற பெண் வாகன நிறுத்தக் கட்டணக் கம்பத்தைப் பிடுங்கி சைலரை அடிக்கிறாள். ஹிரோ வாளுடன் ஓடிவந்து ஒரே குத்தாகக் குத்துகிறான். பருவம் முழுவதும் அஞ்சவைத்த ஒருவனின் கதை அத்துடன் முடிந்ததாகக் காட்டப்படுகிறது. அதற்குள் பீட்டரின் கைகள் தகிக்கத் தொடங்கிவிடுகின்றன. வெடிக்கப்போகும் குண்டே அவன்தான். அண்ணன் நேதன் வானிலிருந்து இறங்கி, கிளேரைக் காப்பாற்றியதால்தான் உலகைக் காப்பாற்ற முடிகிறது என்று தம்பியிடம் சொல்லி, அவனை அணைத்துக்கொண்டு மேலே பறந்துவிடுகிறான். உயரத்தில் ஒரு வெளிச்சம். கீழே சைலர் கிடந்த இடத்தில் உடல் இல்லை. சாக்கடை மூடியை நோக்கி இரத்தத் தடம் போகிறது.

நேதன் வந்தது சரியா என்றால், மனித உறவின் பக்கத்திலிருந்து பார்க்கும்போது மிகச் சரி என்றே சொல்வேன். இந்த இடத்தைத்தான் மகளிடம் நீங்கள் எடுத்துக் காட்ட வேண்டும். முதல் பகுதியின் முடிவை நினைத்துப் பாருங்கள்: கூரையிலிருந்து குதிக்கும் தம்பியை அண்ணன் பறந்து வந்து பிடிக்கிறான். அதன் பிறகு அந்த அண்ணன் தேர்தல் வெற்றிக்காகத் தம்பி தற்கொலைக்கு முயன்றான் என்று ஊரறியச் சொல்கிறான். நகரம் வெடிப்பது நாட்டுக்கு நல்லது என்று பெரியவர்கள் காதில் ஓதியதற்கும் தலையாட்டுகிறான். அப்படிப்பட்டவன் கடைசியில் எல்லாவற்றையும் உதறிவிட்டு மீண்டும் தம்பியைப் பிடிக்க வருகிறான். தொடங்கிய இடத்திலேயே கதையைக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும் என்ற ஆசை எழுதியவர்களுக்கு இருந்திருக்கிறது. அந்த ஆசையை நான் மதிக்கிறேன். 2007இல் அந்தக் காட்சியில் எனக்குக் கண் கலங்கியதும் உண்மை.

ஆனால் அவர்கள் முதல் பகுதிக்கு உண்மையாக இருந்து, நடுவில் உள்ள பகுதிகளை மறந்துவிட்டார்கள். இரண்டாம் பகுதியிலேயே பீட்டர் அண்ணன் கண்முன் தரையிலிருந்து எழும்பி மிதந்து காட்டிவிடுகிறான். அதன் பிறகு அவன் கற்றதையெல்லாம் உங்கள் பெண் உட்கார்ந்து மனத்தில் எண்ணிவந்திருக்கிறாள். வெடிக்கும் நிலையில் இருப்பவனால் பறப்பதைக் கட்டுப்படுத்த முடியாது என்று சமாதானம் சொல்வோர் உண்டு. அது பொருத்தமான விளக்கம்தான். ஆனால் அதைத் திரையில் காட்டியிருக்க வேண்டும். பீட்டர் ஒருமுறை எழும்ப முயன்று, இரண்டடி உயர்ந்து, தகிப்புத் தாளாமல் விழுகிறான் என்று அரை நிமிடம் ஒதுக்கியிருந்தால் போதும். உங்கள் மகளின் கேள்வி எழுந்திருக்காது; நேதன் வருவதற்கும் இரட்டிப்பு வலிமை கிடைத்திருக்கும். அந்த அரை நிமிடம் இல்லாததால், தியாகம் செய்ய வந்தவன் தேவையில்லாமல் வந்தவன்போல் ஆகிவிட்டான்.

இப்படி ஆனதற்குத் தொடர் தயாரிக்கப்படும் முறையும் ஒரு காரணம். ஆண்டுக்கு இருபதுக்கும் மேற்பட்ட பகுதிகள் என்பது அமெரிக்கத் தொலைக்காட்சியின் அன்றைய வழக்கம். முன்பகுதிகள் வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கும்போதே பின்பகுதிகளை எழுதிப் படம்பிடிப்பார்கள். ஒவ்வொரு பருவத்துக்கும் புதிய மனிதர்களைக் கொண்டுவருவதே கிரிங்கின் தொடக்க எண்ணமாக இருந்தது. ஆனால் முதல் குழு மக்களின் மனத்தில் அப்படி இடம்பிடித்துவிட்டது. அவர்களை அனுப்ப யாருக்கும் மனம் வரவில்லை. சாகவேண்டியவர்கள் சாகாத ஓர் இறுதிப் பகுதியை எழுதும் நெருக்கடி அங்கிருந்துதான் பிறந்தது என்று நான் நினைக்கிறேன். அந்த இரத்தத் தடம் அடுத்த பருவத்துக்குத் திறந்துவைத்த கதவு. கதையை முடித்துவைக்க வேண்டிய நேரத்தில் கதவைத் திறந்தார்கள் என்பதே என் மனக்குறை.

இரண்டாம் பருவத்தைப் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். அதில் பீட்டர் அயர்லாந்தில் ஒரு சரக்குக் கொள்கலனுக்குள் நினைவிழந்து கிடக்கிறான், நேதன் தாடியுடன் உயிரோடு இருக்கிறான், சைலரும் பிழைத்துவிடுகிறான். இறுதிப் பகுதியில் உங்கள் மகளுக்குப் பிடித்ததாக ஏதேனும் மிச்சம் இருந்தால் அதையும் இது கரைத்துவிடும். 2007 நவம்பரில் ஹாலிவுட் எழுத்தாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியதால் அந்தப் பருவம் 11 பகுதிகளுடன் நின்றுபோனது. கதை மெதுவாக நகர்ந்ததற்கு டிம் கிரிங்கே வெளிப்படையாக வருத்தம் தெரிவித்தார். அவளாகக் கேட்டால் இவற்றையெல்லாம் முன்கூட்டியே சொல்லிவிட்டுப் பாருங்கள். சமாதானப்படுத்துவதற்காக நீங்களாகப் போடாதீர்கள். ஒரு முறை ஏமாற்றம் அடைந்தவளிடம் மீண்டும் காத்திருக்கச் சொல்வதாக அது முடியும்.

அதற்கு முன்னால், நீங்கள் சொன்ன “கதைதானேம்மா” என்ற வார்த்தையைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். நீங்கள் தீங்கு நினைத்துச் சொல்லவில்லை. பதில் தெரியாத சங்கடத்தில் சொன்னீர்கள். ஆனால் அவள் காதில் அது வேறு மாதிரி விழுந்திருக்கிறது. இத்தனை வாரம் அப்பா என்னோடு சேர்ந்து நம்பினார், நான் கேள்வி கேட்டதும் தான் நம்பவில்லை என்று விலகிக்கொண்டார் என்று அவள் எடுத்துக்கொண்டிருக்கிறாள். ‘நீ கேட்டது சரி, எனக்கும் அந்த முடிவு ஏமாற்றம்தான், அன்று பதில் தெரியாமல் மழுப்பிவிட்டேன்’ என்று நேராகச் சொல்லுங்கள். சாப்பாட்டு மேசையில் எல்லார் முன்னிலையிலும் வேண்டாம். மின்தூக்கிக்குக் காத்திருக்கும்போதோ, கீழே கடைக்கு நடந்து போகும்போதோ சொன்னால் அவளுக்கும் பேச எளிதாக இருக்கும். முதல் பகுதிக்கும் கடைசிப் பகுதிக்கும் உள்ள அந்தத் தொடர்பை, அவள் விரும்பினால், அப்போது சொல்லலாம். அவள் மறுத்துப் பேசினால் பேசட்டும். நான் மேலே எழுதியதையும் அவள் மறுக்கலாம்.

பிறகு ஒரு சனிக்கிழமை, 17ஆம் பகுதியை மட்டும் தனியாக மீண்டும் போடுங்கள். கிளேரின் வளர்ப்புத் தந்தையான பென்னெட்டின் வீட்டில் நடக்கும் பகுதி அது. அந்தக் குடும்பத்தைப் பணயமாகப் பிடித்து வைத்திருக்கும் இரண்டு பேர், கடைக்குப் போய் மூக்குக்கண்ணாடி தேர்ந்தெடுக்கும் தந்தை மகளின் பழைய நினைவு, மகள் எங்கே போகிறாள் என்பதைத் தன்னிடமிருந்து யாரும் பிடுங்கிவிடக் கூடாது என்பதற்காகத் தன் நினைவையே அழிக்கச் சொல்லும் பென்னெட் என்று, ஒரு மணி நேரத்துக்குள் தொடங்கி, சொன்ன சொல்லைக் காப்பாற்றி, முழுமையாக முடிகிறது. இந்தத் தொடரைப் பார்த்தது வீண் இல்லை என்று நான் இன்றும் நினைப்பதற்குக் காரணம் அந்த ஒரு பகுதி. அவளை வற்புறுத்தி அழைக்காதீர்கள். கூடத்தில் போட்டுவிட்டு நீங்கள் உட்கார்ந்து பாருங்கள். அவள் அறைக் கதவு வரை சத்தம் கேட்கும்.