மூன்று வயது வரை தள்ளிப்போடலாமா?

கேள்வி: என் மகன் 33 வாரத்தில் பிறந்தவன். இப்போது ஐந்தரை மாதம், ஆறரை கிலோ. அழும்போது வலது தொடையிடுக்கில் வீங்கும், படுக்க வைத்தால் உள்ளே போய்விடும். ஹெர்னியா என்று சொல்லி சர்ஜன் அடுத்த வாரம் ஆபரேஷனுக்கு நாள் கொடுத்திருக்கிறார். மூன்று வயதுக்குள் மயக்க மருந்து கொடுத்தால் மூளை வளர்ச்சி பாதிக்கும் என்று இணையத்தில் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. நாணயம் வைத்துக் கட்டினால் சரியாகிவிடும், எப்படியும் ஆடி முடியட்டும் என்கிறார் மாமியார். முதுகில் ஊசி போடுவார்களாமே? பிற்காலத்தில் அவனுக்குக் குழந்தை பிறப்பதில் பிரச்சினை வருமா? இரண்டு நாளாக லேசாக மூக்கும் ஒழுகுகிறது. மூன்று வயது வரை பொறுக்கலாமா டாக்டர்?

— ஒரு தாய், திண்டுக்கல்

பதில்: பொறுக்கக் கூடாது அம்மா. கொடுத்த தேதியிலேயே செய்துகொள்ளுங்கள். மூக்கு ஒழுகுவதைப் பற்றி மட்டும் மயக்க மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு வருகிறேன்.

நீங்கள் படித்தது முழுப் பொய் அல்ல. 2016 டிசம்பரில் அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஓர் எச்சரிக்கை வெளியிட்டது உண்மைதான். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குப் பொது மயக்க மருந்தைத் திரும்பத் திரும்பக் கொடுத்தாலோ, ஒரே தடவையில் மூன்று மணி நேரத்துக்கு மேல் கொடுத்தாலோ மூளை வளர்ச்சி பாதிக்கப்படலாம் என்றது அது. விலங்குக் குட்டிகளிடம் செய்த சோதனைகள்தான் அதற்கு முக்கிய ஆதாரம். ஒரே ஒரு முறை, குறைந்த நேரம் கொடுப்பதால் பாதிப்பு வர வாய்ப்பு குறைவு என்பதும் அதே அறிவிப்பில் இருக்கிறது. ஃபார்வர்டு செய்கிற புண்ணியவான்கள் அந்த வரியை மட்டும் வெட்டிவிட்டு மீதியை அனுப்புகிறார்கள். உங்கள் தூக்கம் கெட்டது அந்த ஒரு வரி இல்லாததால்தான்.

உங்கள் மகனுக்கு இதைவிடப் பொருத்தமான பதில் வேறொன்று இருக்கிறது. இதே ஹெர்னியா ஆபரேஷனுக்கு வந்த 722 கைக்குழந்தைகளை ஏழு நாடுகளின் 28 மருத்துவமனைகளில் இரண்டு பிரிவாகப் பிரித்து ஆராய்ந்தார்கள். ஒரு பிரிவுக்குப் பொது மயக்கம். இன்னொரு பிரிவுக்கு முதுகில் ஊசி போட்டு, விழித்திருக்கும்போதே ஆபரேஷன். அந்தக் குழந்தைகளை இரண்டு வயதில் சோதித்தார்கள், ஐந்து வயதில் மறுபடி சோதித்தார்கள். ஐந்து வயது முடிவு 2019இல் வெளியானது: இரு பிரிவுக்கும் அறிவுத்திறனில் வித்தியாசம் இல்லை. பொது மயக்கம் பெற்ற குழந்தைகள் மயக்கத்தில் இருந்தது பெரும்பாலும் ஒரு மணி நேரத்தை ஒட்டித்தான். உங்கள் மகனுக்கும் ஏறக்குறைய அவ்வளவு நேரம்தான் ஆகும். குறைமாதக் குழந்தைகளும் அந்த ஆய்வில் இருந்தார்கள். ஆகவே மூளையைப் பற்றிய பயத்தை இங்கேயே இறக்கி வைத்துவிடுங்கள். அதைவிடப் பயப்பட வேண்டிய விஷயம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது.

தாய் வயிற்றில் இருக்கும்போது ஆண் குழந்தையின் விதை, வயிற்றுக்குள்ளிருந்து ஒரு பாதை வழியாக விதைப்பைக்கு இறங்குகிறது. இறங்கி முடித்ததும் அந்தப் பாதை மூடிக்கொள்ள வேண்டும். சீக்கிரம் பிறந்துவிட்ட பிள்ளைகளுக்கு மூடுவதற்குள் பிறப்பு முந்திக்கொள்கிறது. அந்தத் திறப்பு வழியாகக் குடல் இறங்குவதுதான் நீங்கள் பார்க்கும் வீக்கம். வலது பக்கம்தான் அதிகம் வரும். நீங்கள் அழவிட்டதால் வந்ததல்ல, தூக்கிய விதத்தால் வந்ததும் அல்ல. அழும்போது வயிற்றுக்குள் அழுத்தம் கூடி வெளியே தெரிகிறது, அவ்வளவுதான்.

தொப்புளில் வரும் ஹெர்னியா பெரும்பாலும் நான்கைந்து வயதுக்குள் தானாக மூடிவிடும். நாணயம் வைத்துக் கட்டியவர்கள் எல்லாம் தங்களால்தான் மூடியது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கட்டாவிட்டாலும் மூடியிருக்கும். தொடையிடுக்கு ஹெர்னியா அந்த வகையல்ல. அது தானாக மூடாது. அதன்மேல் நாணயமோ கச்சையோ வைத்து இறுக்கினால், இறங்கியிருக்கும் குடலை வெளியிலிருந்து நெரிக்கிறீர்கள் என்று அர்த்தம். மாமியாரிடம் இதைச் சொல்ல உங்களுக்குத் தயக்கமாக இருந்தால் இந்தப் பக்கத்தை அவர் கையில் கொடுங்கள்.

இப்போது நான் உங்களிடம் உண்மையில் சொல்ல விரும்புவது. ஆபரேஷன் நாள் வரைக்கும் நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: வெளியே வந்த வீக்கம் உள்ளே போகாமல் நின்றுவிடுவது. குழந்தையை அமைதிப்படுத்தி மல்லாக்கப் படுக்க வைத்த பிறகும் வீக்கம் அப்படியே இருக்கும். வழக்கமான மெத்தென்ற தன்மை போய்க் கல் மாதிரி ஆகும். தொட்டால் வீறிட்டு அழுவான். பால் வேண்டாம் என்று முகத்தைத் திருப்புவான், அப்புறம் வாந்தி எடுப்பான். வாந்தி பச்சையாக இருந்தால் குடல் அடைபட்டிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். மேல்தோல் சிவந்தாலோ கருத்தாலோ இன்னும் அவசரம். உள்ளே மாட்டிய குடலின் ரத்த ஓட்டம் மட்டுமல்ல, பக்கத்தில் போகும் விதையின் ரத்த ஓட்டமும் நசுங்கும். சில மணி நேரத்தில் இரண்டும் கெட்டுப்போகலாம். இப்படி மாட்டிக்கொள்வது முதல் வயதில்தான் அதிகம். மூன்று வயது வரை பொறுக்கலாமா என்று கேட்டீர்களே, அபாயம் அதிகமுள்ள காலத்தைத்தான் நீங்கள் வெறுமனே கடத்தப் பார்க்கிறீர்கள்.

இரவுப் பணியில் இருக்கும்போது இப்படி மாட்டிக்கொண்டு வரும் குழந்தைகள் பெரும்பாலும் விடியற்காலையில்தான் வருவார்கள். ராத்திரி பத்து மணிக்கே அழ ஆரம்பித்திருக்கும். வயிற்று வலி என்று கிரைப் வாட்டர் கொடுத்து, வயிற்றில் விளக்கெண்ணெய் தடவி, திருஷ்டி சுற்றி, விடிந்ததும் பார்க்கலாம் என்று வைத்திருந்திருப்பார்கள். டயப்பரை மட்டும் யாரும் கழற்றிப் பார்த்திருக்க மாட்டார்கள். உங்கள் மகன் காரணம் தெரியாமல் அழுதால் முதல் வேலை டயப்பரைக் கழற்றுவது.

வீக்கம் உள்ளே போகவில்லை என்றால் நீங்களே அமுக்கித் தள்ளிப் பார்க்காதீர்கள். பாலோ தண்ணீரோ கொடுக்காதீர்கள், உடனே ஆபரேஷன் தேவைப்படலாம். 108க்கு அழைத்து, குழந்தைகள் அறுவைச் சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனைக்குப் போங்கள். உங்களுக்கு மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை இருக்கிறது. தெருமுனைக் கிளினிக்கில் வலி ஊசி போட்டுக்கொண்டு திரும்பி வராதீர்கள். பெரிய மருத்துவமனையில் வலி குறைய மருந்து கொடுத்து, பழகிய கையால் மெதுவாக உள்ளே தள்ளிப் பார்ப்பார்கள். பல நேரம் போய்விடும். போனாலும் வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள், ஓரிரு நாளில் ஆபரேஷன் செய்துவிடுவார்கள். போகாவிட்டால் அப்போதே.

இதுவரை ஏன் காத்திருந்தார்கள் என்று நீங்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. குறைமாதக் குழந்தைகளுக்கு வயிற்றில் இருந்த வாரங்களையும் சேர்த்துத்தான் நாங்கள் வயது பார்ப்போம். உங்கள் மகனுக்கு அந்தக் கணக்கில் இப்போது சுமார் 57 வாரம். 55 வாரம் தாண்டிய பிறகு ஆபரேஷன் செய்தால் சிக்கல்கள் குறைகின்றன என்று 2024இல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. உங்கள் சர்ஜன் யோசித்துத்தான் நாள் குறித்திருக்கிறார். அவர் பொறுத்தாரே, நாமும் இன்னும் கொஞ்சம் பொறுப்போம் என்று நீட்டாதீர்கள். ஆடி, ஆவணி எல்லாம் நமக்குத்தான், குடலுக்குக் காலண்டர் கிடையாது.

மயக்க மருந்தில் நிஜமாகவே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அதை நீங்கள் கேட்கவே இல்லை. குறைமாதத்தில் பிறந்த குழந்தைகள், அந்தக் கூட்டிய வயது 60 வாரம் தாண்டும் வரை, மயக்கம் தெளிந்த பிறகும் சில விநாடிகள் மூச்சை நிறுத்திவிடலாம். ரத்தசோகை இருந்தால் அந்த வாய்ப்பு கூடும். ஆகவே ஹீமோகுளோபின் பார்த்தாயிற்றா என்று கேளுங்கள். அன்று இரவு மானிட்டரோடு மருத்துவமனையில் தங்க வைப்பார்களா என்று கேளுங்கள். பக்கத்துப் படுக்கைக் குழந்தை மாலையிலேயே வீட்டுக்குப் போகும், நம்மையும் அனுப்புங்கள் என்று அடம் பிடிக்காதீர்கள். அவன் நிறைமாதக் குழந்தையாக இருப்பான். கைக்குழந்தைகளுக்கு மயக்கம் கொடுத்துப் பழகிய மருத்துவர் இல்லாத இடத்தில், செலவு குறைவு, வீட்டுக்குப் பக்கம் என்று செய்யவும் வேண்டாம்.

மூக்கு ஒழுகல்: காய்ச்சல், இருமல், மூச்சிரைப்பு எதுவும் இல்லாமல் வெறும் மூக்கு ஒழுகல் என்றால் தேதி மாறாமலும் போகலாம். நெஞ்சுச் சளியோ காய்ச்சலோ இருந்தால் சில வாரம் தள்ளிவைப்பார்கள். முடிவெடுப்பது மயக்க மருத்துவர். தேதி போய்விடுமே என்று மறைத்துவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள், அது ஆபத்து. மருந்துக் கடையில் சளி சிரப் வாங்கி ஊற்றி மூக்கை அடைத்துக்கொண்டு வருவது அதைவிட ஆபத்து. இந்த வயதுக் குழந்தைக்கு அந்த சிரப்புகளே கூடாது. மூக்கு அடைத்தால் உப்பு நீர்ச் சொட்டு போதும்.

முதுகில் ஊசியைப் பற்றி: பல இடங்களில் குழந்தை தூங்கிய பிறகு முதுகின் அடிப்பகுதியில் ஓர் ஊசி போடுவார்கள். கண்விழித்ததும் சில மணி நேரம் வலி தெரியாமல் இருப்பதற்காக. அதனால் ஆயுள் முழுக்க முதுகுவலி என்பது கட்டுக்கதை. பிற்காலத்தில் குழந்தை பிறக்குமா என்றால், பழகிய சர்ஜன் செய்யும்போது விதைக்கோ விந்துக் குழாய்க்கோ சேதம் வருவது அபூர்வம். மாட்டிக்கொண்டு அவசரமாக வந்தால்தான் விதைக்கு ஆபத்து கூடுகிறது. பெரியவர்களுக்கு வைப்பது போல வலை எதுவும் வைக்க மாட்டார்கள். திறந்திருக்கும் பாதையைக் கட்டிவிடுவார்கள், அவ்வளவே.

முந்தின இரவு நீங்கள் கண்டிப்பாக இருக்க வேண்டிய இடம் பால் விஷயம். தாய்ப்பால் என்றால் ஆபரேஷனுக்கு 4 மணி நேரம் முன்பும், பால் பவுடர் என்றால் 6 மணி நேரம் முன்பும் நிறுத்தச் சொல்வார்கள். வெறும் தண்ணீருக்கு 2 மணி நேரம். உங்கள் மருத்துவமனை சொல்லும் நேரமே இறுதி. வயிற்றில் பால் இருந்தால் மயக்கத்தில் அது நுரையீரலுக்குள் போகலாம், அதற்காகத்தான் இவ்வளவு கெடுபிடி. பாட்டிமார் அந்த அழுகையைத் தாங்க மாட்டார்கள். பிள்ளை காய்ந்துபோகும் என்று ஒரு சங்கு பாலைப் புகட்டிவிட்டு யாரிடமும் சொல்லாமல் இருந்துவிடுவார்கள். அன்று காலை குழந்தை உங்கள் கையிலோ உங்கள் கணவர் கையிலோ மட்டும் இருக்கட்டும். தவறிக் கொடுத்துவிட்டால் சொல்லிவிடுங்கள், நேரத்தைத் தள்ளுவார்கள், திட்டினாலும் பரவாயில்லை. உரை மருந்து, கிரைப் வாட்டர் எதுவும் அந்த வாரம் வேண்டாம். தேன் ஒரு வயது வரைக்குமே வேண்டாம்.

அரைஞாண் கயிறு, காப்பு, கொலுசு எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றிவிடுங்கள். கயிறு இருக்கும் இடத்தை ஒட்டித்தான் சர்ஜன் வேலை செய்ய வேண்டும். கண் மை, கன்னத்துப் பெரிய பொட்டு வேண்டாம். விரலில் மருதாணி இருந்தால் ஆக்சிஜன் பார்க்கும் கருவி சரியாகக் காட்டாமல் போகலாம். தடுப்பூசி ஏதாவது பாக்கி இருந்தால் ஆபரேஷனுக்கு முதல் நாள் போடாதீர்கள். காய்ச்சல் வந்தால் எதனால் என்று குழப்பம்.

முடிந்த பிறகு விதைப்பை கொஞ்சம் வீங்கிக் கன்றினாற்போல இருக்கும். போன இடத்துக்கே ஹெர்னியா திரும்பி வந்துவிட்டது என்று அலற வேண்டாம், நாளாக ஆக வடியும். தையல் தானாகக் கரைவதாகத்தான் பெரும்பாலும் போடுவார்கள். நன்றாக விழித்ததும், கொடுக்கச் சொன்னவுடன் பால் கொடுக்கலாம். காயத்திலிருந்து சீழ் வந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ, பால் குடிக்காமல் துவண்டு கிடந்தாலோ அன்றைக்கே திரும்பிப் போங்கள்.

வலிக்குப் பாரசிட்டமால் எழுதித் தருவார்கள். இங்கேதான் படித்தவர்களே தவறு செய்கிறார்கள். சொட்டு மருந்தில் 1 மில்லிக்கு 100 மில்லிகிராம் இருக்கும். சிரப்பில் 5 மில்லிக்கு 120, 125 அல்லது 250 மில்லிகிராம் இருக்கும். உங்கள் மகனின் எடைக்கு ஒரு வேளைக்குச் சொட்டு மருந்து 1 மில்லியை ஒட்டித்தான் வரும். சிரப் என்று நினைத்துச் சொட்டு மருந்தை 5 மில்லி ஊற்றினால் அது ஐந்து மடங்கு, ஈரல் கெட்டுப்போகும். ஆகவே டிஸ்சார்ஜ் ஆகும் முன் நர்ஸிடம் அந்தப் பாட்டிலையே காட்டி, எத்தனை மில்லி, எத்தனை மணிக்கொருதரம் என்று சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பெட்டிக்குள் வரும் உறிஞ்சு குழாயால் மட்டும் அளந்து கொடுங்கள், சமையலறைக் கரண்டி வேண்டாம். அந்தச் சீட்டிலேயே இரவில் கூப்பிட வேண்டிய எண்ணையும் எழுதச் சொல்லுங்கள்.