அம்மா வருவதற்குள் பிரிக்கப்படும் லாரி

கேள்வி: என் மகனுக்குப் பதினான்கு வயது. அடுத்த வருடம் பொதுத்தேர்வு. பிளாஸ்டிக் கட்டைகளை வைத்து லாரி கட்டுவதிலேயே அவனுக்குப் பொழுது போகிறது. சின்ன வயதில் நாங்கள்தான் வாங்கிக் கொடுத்தோம், இன்னும் விடவில்லை. பெட்டியில் வருகிற மாடலைக்கூடக் கட்டுவதில்லை, தானாக ஏதோ யோசித்துக் கட்டுகிறான். லாரி கட்டி என்ன ஆகப்போகிறது, டிரைவராகவா போகப்போகிறாய் என்று கேட்டால் பதில் வராது. போன அரையாண்டுத் தேர்வுக்கு முன்னால் ஒரு டிப்பர் லாரியை நாலு மாதமாகக் கட்டிக்கொண்டிருந்தான். பக்கத்தில் இருக்கிற சின்னச் சக்கரத்தைச் சுற்றினால் பின்தொட்டி மெல்ல எழும்பும், கையை எடுத்தாலும் இறங்காது. படிப்பு கெடுகிறதே என்று ஒருநாள் பொறுக்க முடியாமல் மொத்தத்தையும் பிரித்துப் பையில் போட்டுப் பரண்மேல் வைத்துவிட்டேன். ஒரு துண்டுகூடத் தொலைக்கவில்லை. தேர்வு முடிந்ததும் திருப்பிக் கொடுத்தேன். அவன் அழவும் இல்லை, சண்டை போடவும் இல்லை. என் கணவர் அன்று வீட்டில்தான் இருந்தார், அவரும் ஒன்றும் சொல்லவில்லை. அதற்கப்புறம் ஒரு விஷயத்தில் மட்டும் பையன் திருந்தியிருக்கிறான். நான் வேலை முடிந்து வருவதற்குள் அன்றன்று கட்டியதை அவனே பிரித்து டப்பாவில் போட்டு வைத்துவிடுகிறான். வீடு சுத்தமாக இருக்கிறது. ஆனால் மதிப்பெண் ஏறவில்லை, என்னிடம் சரியாகப் பேசுவதும் இல்லை. "இன்னிக்குக் கட்டினது நல்லா ஓடுச்சு" என்று மாமியார் சொல்லித்தான் எனக்கே தெரிகிறது. கட்டைகள் மொத்தத்தையும் உறவில் யாராவது சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடலாமா?

— பெயர் வெளியிட விரும்பாத ஒரு தாய்

பதில்: கொடுக்கக் கூடாது. வாங்கியது நீங்களாக இருக்கலாம். கொடுத்த பிறகு அது அவனுடையது. நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் இவ்வளவுதான்.

பிள்ளைகளின் பொழுதுபோக்கைப் பற்றி எனக்கு வருகிற கடிதங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். ஒரு வீட்டில் கிரிக்கெட் மட்டை, இன்னொரு வீட்டில் கீபோர்டு, உங்கள் வீட்டில் லாரி. தேர்வு நெருங்கும், பயம் வரும், பொருள் பரண்மேல் ஏறும். "வயசு அப்படி, போகப்போகச் சரியாகிவிடும்" என்று எழுதி உங்களை அனுப்பிவைக்க என்னால் முடியாது. உங்கள் கடிதத்தில் இருக்கிற ஒரு வரி என்னை விடவில்லை. நல்ல செய்தி என்று நினைத்து அதை எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் வருவதற்குள் அவனே பிரித்து வைத்துவிடுகிறான் என்ற வரி.

அதை இன்னொரு முறை படித்துப் பாருங்கள் அம்மா. பையன் பள்ளி விட்டு வந்து ஒன்றைக் கட்டுகிறான். தரையில் ஓடவிட்டுப் பார்க்கிறான். பாட்டியிடம் காட்டுகிறான். அப்புறம் மணியைப் பார்க்கிறான். நீங்கள் கதவைத் திறப்பதற்குள் எல்லாம் டப்பாவுக்குள் போய்விட வேண்டும். தினமும் இதைச் செய்கிறான். யாரும் அவனை மிரட்டிச் செய்யச் சொல்லவில்லை. அன்று ஒருநாள் நீங்கள் செய்ததைப் பார்த்தான், அதிலிருந்து ஒன்றைக் கற்றுக்கொண்டான். அம்மா கையால் உடைவதற்கு முன்னால் நாமே பிரித்துவிட்டால் வலி கொஞ்சம் குறையும். இதைப் போய்த் திருந்திவிட்டான் என்று எழுதுகிறீர்களே!

ஒரு துண்டுகூடத் தொலைக்கவில்லை என்று சொல்கிறீர்கள். கட்டைதானே, வேண்டுமானால் மறுபடி கட்டிக்கொள்ளட்டுமே என்ற நினைப்பு அதற்குள் இருக்கிறது. அந்த நினைப்பு தப்பு. ஏன் தப்பு என்று விளக்கமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இத்தனை வருடம் அவன் என்ன செய்கிறான் என்று நீங்கள் உட்கார்ந்து பார்த்ததாகவே தெரியவில்லை.

ஒன்றின்மேல் ஒன்று பொருத்துகிற இந்தப் பிளாஸ்டிக் கட்டைகளில் பேர்பெற்றது லெகோ. இன்று நாம் பார்க்கிற லெகோ கட்டையின் வடிவத்துக்கு 1958 ஜனவரியில் டென்மார்க்கில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். அந்த வருடத்துக் கட்டையை எடுத்து இன்றைக்கு வாங்குகிற கட்டையின்மேல் வைத்து அழுத்தினால் பொருந்தும். கட்டையின் மேல்பக்கம் துருத்திக்கொண்டிருக்கிற குமிழ்களில், ஒன்றின் மையத்திலிருந்து அடுத்ததன் மையத்துக்கு 8 மில்லிமீட்டர். கட்டையின் உடல் 9.6 மில்லிமீட்டர் உயரம். தட்டையான பிளேட் அதில் மூன்றில் ஒரு பங்கு, 3.2. அளவு இவ்வளவு கறாராக இருப்பதால்தான் எதையும் எதோடும் சேர்க்க முடிகிறது. எட்டுக் குமிழ் உள்ள ஒரே நிறக் கட்டைகள் ஆறே ஆறு இருந்தால், அவற்றை 91,51,03,765 விதமாகப் பொருத்தலாம் என்று டென்மார்க் கணித அறிஞர்கள் கணக்கிட்டார்கள். ஆறு கட்டைக்கே இந்தக் கணக்கு. ஒரு டிப்பர் லாரிக்கு எத்தனை நூறு துண்டு போகும்? அத்தனை கோடி விதங்களுக்குள் சரியாக ஓடுகிற ஒரு விதத்தைத் தேடித்தான் உங்கள் பையன் நாலு மாதம் உட்கார்ந்திருந்தான்.

பெட்டியில் வருகிற மாடலுக்குப் படம் போட்ட கையேடு இருக்கும். 2015இல் மெர்சிடிஸ் பென்ஸ் ஆரோக்ஸ் லாரியின் மாடல் ஒன்று, பல்சக்கரமும் தண்டும் வைத்துக் கட்டுகிற லெகோ டெக்னிக் வரிசையில் வந்தது, 2,793 துண்டுகள். அதை யாராவது பிரித்துப் போட்டால் கோபம் வரும், ஆனால் கையேட்டின் முதல் பக்கத்திலிருந்து தொடங்கினால் லாரி திரும்பக் கிடைத்துவிடும். உங்கள் மகன் கட்டியதற்குக் கையேடு எங்கே இருக்கிறது? அந்த லாரிதான் அதற்குக் கையேடு. எந்தத் தண்டு எந்த ஓட்டை வழியாகப் போனது, எந்த இடத்தில் அரைக் கட்டை இடம் விட்டான் என்பதெல்லாம் அந்த வண்டிக்குள் மட்டும்தான் இருந்தது. நீங்கள் பத்திரமாகப் பையில் போட்டுக் கொடுத்தது பிளாஸ்டிக். அவன் கண்டுபிடித்தது போய்விட்டது.

தொட்டியைப் பற்றி நீங்களே எழுதியிருக்கிறீர்கள், கையை எடுத்தாலும் இறங்காது என்று. ஏன் இறங்கவில்லை என்று அவனிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா? நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் உள்ளே வார்ம் கியர் வைத்திருக்கிறான். திருகாணியின் மரைபோல இருக்கும். அது ஒரு முழுச் சுற்று சுற்றினால் எதிரே இருக்கிற பல்சக்கரம் ஒரே ஒரு பல் நகரும். 24 பல் உள்ள சக்கரம் ஒருமுறை சுற்ற, இதை 24 முறை சுற்ற வேண்டும். அதனால்தான் தொட்டி மெல்ல எழுந்தது, விரலால் சுற்றினாலே அந்தப் பாரம் தூக்குப்பட்டது. மறுபக்கத்திலிருந்து தொட்டியின் பாரம் அழுத்தினாலும் வார்ம் கியர் பின்னால் சுழலாது, உராய்வு பிடித்துக்கொள்ளும். தொட்டி நின்ற இடத்தில் நிற்கும். எளிய இயந்திரம், விசை, உராய்வு என்று அவன் பாடப்புத்தகத்தில் வருவது இதுதான். அவன் அதைக் கையால் செய்து முடித்திருந்தான், நீங்கள் அதே பாடத்தைப் படிக்கச் சொல்லி அதை உடைத்தீர்கள்.

அது மட்டும் இல்லை. லாரி நீளமாக இருந்தால் அடிச்சட்டம் நடுவில் தொய்யும். தொட்டியில் பாரம் ஏற ஏற இன்னும் தொய்யும். குறுக்கே கட்டி இறுக்க வேண்டும். வண்டி வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓடுகிறது, உட்பக்கச் சக்கரம் குறைந்த தூரம். இரண்டையும் ஒரே தண்டில் இறுக்கிவிட்டால் ஏதாவது ஒன்று தரையில் இழுபடும். அதற்கு, இரண்டு சக்கரத்தையும் வேறுவேறு வேகத்தில் சுற்றவிடுகிற டிஃபரன்ஷியல் என்ற பல்சக்கர அமைப்பை வைக்க வேண்டும். டிஃபரன்ஷியல் வைத்தால் இடம் அடைக்கும், தொட்டியைத் தூக்கும் தண்டு போவதற்கு அதே இடம்தான் இருக்கும். ஒன்றை நகர்த்தினால் இன்னொன்று இடிக்கும். கட்டிப் பார்த்து, பிரித்து, ஒரு துளை தள்ளி மறுபடி கட்டித்தான் சரிவரும். பெரியவர்கள் இதற்காக மாதக்கணக்கில் மெனக்கெடுகிறார்கள்.

இப்போது அவன் என்ன கட்டிக்கொண்டிருப்பான் என்று யோசித்தீர்களா? பள்ளி விட்டு வருவதற்கும் நீங்கள் வருவதற்கும் நடுவில் கட்டி, பிரித்து, டப்பாவில் அடைத்து முடிக்கக்கூடிய அளவுக்கு ஒரு வண்டி. நாலு சக்கரம், ஒரு தட்டு, ஒரு கேபின். நாலு மாதம் பொறுமையாக ஒன்றைத் தொடர்ந்து செய்யத் தெரிந்த பையன் இன்று ஒரு சாயங்காலத்துக்கு மேல் எதையும் நம்பித் தொடங்குவதில்லை. படிப்புக்கு வேண்டியதும் அந்தப் பொறுமைதானே! லாரிதான் தடை என்றால், லாரி இவ்வளவு சுருங்கிப்போன பிறகு மதிப்பெண் ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

என்னை இதைவிடக் கவலைப்படுத்துவது இன்னொன்று. நீங்கள் வருகிற சத்தம் கேட்டதும் டப்பாவுக்குள் போவது கட்டைகள் மட்டுமா? பதினான்கு வயதில் ஒரு பிள்ளைக்கு ஆயிரம் இருக்கும். ஒரு பாடத்தில் கிடைத்த குறைந்த மதிப்பெண், ஒரு நண்பனோடு வந்த சண்டை, யாரிடமும் சொல்ல முடியாத ஒரு பயம். இதையெல்லாம் அம்மா கண்ணில் படாமல் எடுத்துவைக்க அவன் பழகிக்கொண்டிருக்கிறான். என்னிடம் சரியாகப் பேசுவதில்லை என்று கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கேள்வியே அதுவாக இருந்திருக்க வேண்டும்.

அப்புறம், டிரைவராகவா போகப்போகிறாய் என்று கேட்டீர்களாம். இனிமேல் அந்த வார்த்தை உங்கள் வாயில் வரக் கூடாது. இரவெல்லாம் கண்விழித்து லாரி ஓட்டிச் சம்பாதித்துப் பிள்ளைகளைப் படிக்கவைக்கிற தகப்பன்கள் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் உங்கள் மகனோடு ஒரே வகுப்பில் உட்கார்ந்திருக்கலாம். ஒரு தொழிலை வசவாகப் பயன்படுத்தப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கிற உரிமை எந்தப் பெற்றோருக்கும் கிடையாது.

உங்கள் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. வேலைக்கும் போய்க்கொண்டு, வீட்டையும் பார்த்துக்கொண்டு, பிள்ளை படிக்கவில்லையே என்று நீங்கள் தவிப்பது நிஜம். படிப்பு அவன் கடமை, அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. கட்டைக்கு நேரம் இவ்வளவு, படிப்புக்கு நேரம் இவ்வளவு என்று வரையறுக்க உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது. அதைச் சொன்னால் அவன் கேட்டாக வேண்டும். பிள்ளை செய்ததைப் பிரித்துப் போட மட்டும் உங்களுக்கு உரிமை இல்லை. குடும்பம் என்று ஒன்று இருப்பதே, பாதியில் இருக்கிற ஒரு வேலையை அப்படியே வைத்துவிட்டு ஒருவன் நிம்மதியாகப் பள்ளிக்கூடம் போய்வரத்தான். பெற்றவர்களின் முதல் கடமை அந்த நிம்மதியைக் கொடுப்பது. கட்டணம் கட்டுவதெல்லாம் அதற்கப்புறம்தான்.

ஆகவே, போய் மன்னிப்புக் கேளுங்கள். "அன்னிக்கு நான் உன் லாரியைப் பிரிச்சது தப்பு." அவ்வளவுதான். அதற்குப் பின்னால் "ஆனால்" என்று தொடங்கி ஒரு வார்த்தையும் வரக் கூடாது. உன் நல்லதுக்குத்தான் செய்தேன் என்பதும் வேண்டாம். பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டால் பெற்றவர்களின் மரியாதை போய்விடும் என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். தப்பு செய்தவர் வயதில் பெரியவர் என்பதால் அந்தத் தப்பு சின்னதாகிவிடாது. அவன் உடனே உருகி உங்களைக் கட்டிக்கொள்வான் என்றும் எதிர்பார்க்காதீர்கள். சரி என்று ஒற்றை வார்த்தை சொல்லிவிட்டு எழுந்து போகலாம், மறுநாளும் நீங்கள் வருவதற்குள் எல்லாவற்றையும் பிரித்து வைக்கலாம். வாரக்கணக்கில் அப்படியே நடக்கலாம். நம்பிக்கை திரும்ப வர நாளாகும், அதுவரை பொறுத்திருப்பது உங்கள் பங்கு.

அவனுக்கு ஒரு இடம் ஒதுக்குங்கள். அலமாரியின் ஒரு தட்டு போதும். அதில் இருப்பதை யாரும் தொடக் கூடாது, தூசி தட்டுகிற சாக்கிலும் கூடாது. கட்டும்போது ஒவ்வொரு கட்டத்தையும் கைபேசியில் படம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். தானே வடிவமைக்கிற மாடலைக் கணினியில் துண்டுதுண்டாக அடுக்கிப் பதிவு செய்துகொள்ள 1995இல் வந்த எல்ட்ரா முதல் எத்தனையோ இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. அப்படிச் செய்தால் அவன் வண்டிக்கும் ஒரு கையேடு இருக்கும். தேர்வு வரும்போது வண்டி பாதியில் நிற்கட்டும். பாதியில் நிற்கிற வண்டி தேர்வு முடிகிறவரை காத்திருக்கும். அது யார் கையிலும் சிக்காது என்று தெரிந்தால் அவனும் புத்தகத்தைத் திறப்பான். படிப்பு நேரத்தை அவனையே கூப்பிட்டு வைத்து, அவன் வாயாலேயே சொல்லவைத்து முடிவு செய்யுங்கள். அதை அவன் மீறினால் கண்டியுங்கள், தயங்க வேண்டாம்.

மாமியார் மேல் கோபப்படாதீர்கள். அந்த வீட்டில் அவன் நம்பிக் காட்டுகிற ஒரே ஆள் அவர்தான் என்று தெரிகிறது.

கடைசியாக உங்கள் கணவர். அன்று அவர் வீட்டில்தான் இருந்தார், ஒன்றும் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களைத் தனியாகக் கூப்பிட்டு, வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டியவர் அவர். மனைவியை எதிர்த்துப் பேச வேண்டாமே என்று அவர் ஒதுங்கி நின்றிருக்கலாம். பையனுக்கு அது அப்பாவும் சம்மதித்துத்தான் நடந்தது என்று தெரிந்திருக்கும். இந்தப் பதிலை அவரையும் படிக்கச் சொல்லுங்கள். அவர் சார்பில் நீங்கள் போய்ச் சொல்ல வேண்டாம். மகனிடம் அவரும் தனியாக உட்கார்ந்து, தன் வாயாலேயே மன்னிப்புக் கேட்கட்டும்.