ஆணிக்காலணி வேண்டாம், பொறியை மேலே அனுப்புங்கள்

தரையில் வைத்த பூச்சிப்பொறியில் எறும்புதான் விழுகிறது, மர உச்சியில் வாழும் முகட்டுப் பூச்சிகளுக்காக ஆணி பதித்த காலணி மாட்டி மரம் ஏறலாமா, கிளைப்பாசியையும் பிய்த்து வரலாமா என்று கேட்டிருந்தீர்கள். இரண்டும் வேண்டாங்க. ஆணி குத்தும் இடமெல்லாம் பட்டைக்குள் உயிருள்ள திசு கிழியும், அது வழியே பூஞ்சை புகும்.

நீங்கள் ஏறவே தேவையில்லை. சிறு மணல்பையை மெல்லிய நூலில் கட்டிக் கவணால் உறுதியான கிளைக்கு மேலே விடுங்கள் (நாலைந்து தடவை தப்பும், சலிக்காதீர்கள்), அப்புறம் நூலோடு கயிற்றை இழுத்துக்கொண்டு, பொறியைக் கொடி ஏற்றுவதுபோல் ஏற்றி இறக்கலாம். ஒரே உயரத்தில் நிறுத்தாதீர்கள். மேலே எத்தனை வகை இருக்கும் என்றால், பனாமாவில் பூச்சியியலாளர் டெர்ரி எர்வின் ஒரே இனத்தைச் சேர்ந்த 19 மரங்களிலேயே ஆயிரத்துக்கு மேல் வண்டினங்களை எடுத்தார், 1982இல் எழுதினார்.

பாசி விஷயம்தான் எனக்குப் பயம். அந்த மெத்தைக்கு அடியில் கறுத்த மண் இருக்கும், நெளியும் புழு இருக்கும், சில மரங்களில் கிளையிலிருந்தே அந்த மரம் விட்ட வேரும் இருக்கும். காட்டுமுகட்டை ஆராயும் சூழலியலாளர் நளினி நட்கர்னி 1981இல் காட்டியது இந்த வேரைத்தான். பிய்த்த இடம் மறுபடி மூட பல பத்தாண்டுகள் ஆகும். காற்றில் புதிதாக முறிந்து விழுந்த கிளை கிடைத்தால் அதிலிருந்து உள்ளங்கை அளவு எடுங்கள், போதும்.