தலைக்கு ₹900 வேன் சுற்றுலா தேவையா?

கேள்வி: அம்பத்தூரில் இருக்கிறோம். நான், கணவர், 68 வயது மாமியார், பத்து வயது மகள், நான்கு வயது மகன். விடுமுறைக்கு அக்கா மகனும் (11 வயது) வந்திருக்கிறான். எங்கேயாவது கூட்டிப்போகச் சொல்லிப் பிள்ளைகள் நச்சரிக்கிறார்கள். எங்கள் தெருவில் ஒருவர், ‘ஒரே நாளில் சென்னையில் 11 இடங்கள், நுழைவுக் கட்டணம் உட்பட தலைக்கு ₹900’ என்று வேன் ஏற்பாடு செய்கிறார். வரும் செவ்வாய்க்கிழமை கிளம்புகிறார்கள். சின்னவனுக்கு அரை டிக்கெட்டாம். பட்டியலை இணைத்திருக்கிறேன். போகலாமா? இல்லையென்றால் நாளொன்றுக்கு ₹500க்குள் நாங்களே எங்கே போய்வரலாம்?

பதில்: போக வேண்டாம். ஐந்து முழு டிக்கெட்டும் ஓர் அரை டிக்கெட்டும் சேர்த்தால் ₹4,950. அந்தப் பணத்துக்கு உங்களுக்குக் கிடைக்கப்போவது வேன் ஜன்னல் வழியே தெரிகிற சென்னைதான்.

பட்டியலைப் பார்த்தேன். மெரினா, அண்ணா நினைவிடம், எம்.ஜி.ஆர். நினைவிடம், சாந்தோம் தேவாலயம், கபாலீஸ்வரர் கோயில், காந்தி மண்டபம், பெசன்ட் நகர் கடற்கரை, அஷ்டலட்சுமி கோயில். இந்த எட்டுக்கும் நுழைவுக் கட்டணமே கிடையாது. ஒன்பதாவதாகப் போட்டிருக்கும் ‘கைவினைப் பொருள் அங்காடி’ ஒரு கடை. அங்கே நீங்கள் வாங்கும் ஒவ்வொரு பொருளுக்கும் வேன்காரருக்குக் கமிஷன் போகும். அதனால்தான் அங்கே மட்டும் முக்கால் மணி நேரம் நிறுத்துவார்கள்; கடற்கரையில் பதினைந்தே நிமிடம். மீதி இரண்டுதான் டிக்கெட் வாங்கும் இடங்கள்: எழும்பூர் அருங்காட்சியகமும் கிண்டி சிறுவர் பூங்காவும். கிண்டிப் பூங்காவுக்குச் செவ்வாய்க்கிழமை வார விடுமுறை. இவர்கள் கிளம்புவதும் செவ்வாய்க்கிழமை. ‘நுழைவுக் கட்டணம் உட்பட’ என்று எவ்வளவு தாராளமாகச் சொல்கிறார் பாருங்கள். கபாலீஸ்வரர் கோயிலுக்கு மதியம் ஒரு மணி என்று போட்டிருக்கிறார். உச்சிகால பூஜை முடிந்து நடை சாத்தினால் சாயங்காலம் நான்கு மணிக்குத்தான் திறப்பார்கள். மூடிய கதவுக்கு முன்னால் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

வேன்காரரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. இந்த ஊரில் எந்த இடம் எந்தக் கிழமை மூடியிருக்கும் என்பதை ஒரே பலகையில் எழுதி சென்ட்ரலிலோ எழும்பூரிலோ வைக்க இத்தனை ஆண்டுகளாக யாருக்கும் தோன்றவில்லை. எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளி விடுமுறை. கோட்டை அருங்காட்சியகத்துக்கும் வெள்ளி. கிண்டிப் பூங்காவுக்கும் வண்டலூருக்கும் செவ்வாய். கலங்கரை விளக்கத்துக்குத் திங்கள். அடையாறு பிரம்மஞான சபைத் தோட்டத்துக்கோ, குடும்பத்தோடு கிளம்ப வசதியான ஞாயிறன்றுதான் விடுமுறை. ஒவ்வொரு துறைக்கும் ஒரு கிழமை. மக்களுக்குத் தகவல் சொல்வது மட்டும் எந்தத் துறையின் வேலையும் இல்லை. இந்த ஓட்டையில்தான் இடைத்தரகர்கள் பிழைக்கிறார்கள். கிளம்பும் முன் கிழமையைப் பார்த்துவிட்டாலே பாதி ஏமாற்றம் குறையும். புதனும் வியாழனும் உங்களுக்குத் தோதானவை.

அடுத்தது போக்குவரத்து. இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். பெரும்பாலானவர்கள் பணத்தை விடுவது இங்கேதான். 2021 மே மாதத்திலிருந்து மாநகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் சாதாரணக் கட்டணப் பேருந்தில் மட்டும்தான். முன்பக்கமும் பின்பக்கமும் இளஞ்சிவப்பு வண்ணம் அடித்த பேருந்தைப் பார்த்து ஏறுங்கள். சொகுசுப் பேருந்திலும் குளிர்சாதனப் பேருந்திலும் இந்தச் சலுகை இல்லை. வருகிற முதல் வண்டியில் அவசரமாக ஏறிவிட்டு, பிறகு நடத்துநரோடு சண்டை போடுகிறவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். நடத்துநர் சொல்வதுதான் சரி. இலவசம்தானே என்று சீட்டு வாங்காமலும் இருந்துவிடாதீர்கள். கட்டணமில்லாப் பயணச்சீட்டைக் கேட்டு வாங்கிக் கையில் வைத்திருங்கள். அடையாள அட்டை காட்டத் தேவையில்லை. உங்களுக்கும் மாமியாருக்கும் மட்டுமில்லை, பத்து வயது மகளுக்கும் இது பொருந்தும். சின்னவனுக்கு ஐந்து வயது நிரம்பாததால் அவனுக்கும் டிக்கெட் இல்லை. அக்கா மகனுக்கு அரை டிக்கெட். முழு டிக்கெட் எடுக்க வேண்டியவர் ஆறு பேரில் உங்கள் கணவர் ஒருவர்தான். வேன்காரர் அரை டிக்கெட் கேட்கும் அதே நான்கு வயதுப் பிள்ளையை அரசுப் பேருந்தும் ரயிலும் சும்மாவே ஏற்றிக்கொள்கின்றன.

இனி எங்கே போவது என்று பார்ப்போம். ஒரு நாளைக்கு ஓர் இடம் போதும். இது கத்திரி வெயில் காலம். பதினொன்றிலிருந்து நான்கு மணி வரை கூரையின் கீழே இருப்பதுபோல் திட்டமிடுங்கள்.

முதல் நாள் கோட்டூர்புரம். அம்பத்தூரில் மின்சார ரயில் ஏறி சென்ட்ரலில் இறங்குங்கள். சுரங்கப்பாதை வழியே எதிர்ப்பக்கம் போனால் பூங்கா நகர் பறக்கும் ரயில் நிலையம். கோட்டூர்புரம் வரைக்கும் அம்பத்தூரிலேயே சேர்த்து டிக்கெட் எடுத்துக்கொள்ளலாம். பெரியவர்களுக்கு ₹10 அளவில்தான் ஆகும். பக்கத்து நிலையமான ‘பூங்கா’வும் இந்தப் ‘பூங்கா நக’ரும் வேறு வேறு. ரயில்வே வைத்த இந்தப் பெயர்க் குழப்பத்தில் வெளியூர்க்காரர்கள் தினமும் தவிக்கிறார்கள். நிலையத்திலிருந்து நடக்கிற தூரம்தான் என்றாலும் மாமியாருக்காக ஓர் ஆட்டோ வைத்துக்கொள்ளுங்கள். ஏறும் முன்பே கூலியைப் பேசிவிடுங்கள்.

அங்கே அண்ணா நூற்றாண்டு நூலகம். 2010இல் திறந்தது. நூலகமா என்று பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள். முதல் மாடியில் குழந்தைகள் பிரிவைப் பார்க்கும்வரைதான் அது. நடுவில் கிளை பரப்பி நிற்கும் செயற்கை மரம், அதைச் சுற்றிக் குட்டி நாற்காலிகள், கைக்கு எட்டும் உயரத்தில் படப் புத்தகங்கள். நுழைவு இலவசம். உட்கார்ந்து படிக்க உறுப்பினர் அட்டை தேவையில்லை. குளிர்சாதன வசதியும் உண்டு. பையை வாசலிலேயே ஒப்படைக்க வேண்டும், கட்டுச்சோற்றை உள்ளே பிரிக்க முடியாது. வெயில் தாழ்ந்ததும் அதே சாலையில் காந்தி மண்டபத்துக்குப் போய் மர நிழலில் பிள்ளைகளை ஓடவிடலாம். நடுவில் இருக்கும் பிர்லா கோளரங்கத்துக்குக் கட்டணம் உண்டு. பெரிய பிள்ளைகள் இருவருக்கும் பிடிக்கும். தமிழ்க் காட்சியும் ஆங்கிலக் காட்சியும் தனித்தனியாக நடக்கும், கேட்டுவிட்டு டிக்கெட் வாங்குங்கள். சின்னவன் இருட்டில் அழுவான். அவனும் பாட்டியும் நூலகத்திலேயே இருக்கட்டும்.

இரண்டாம் நாள் எழும்பூர் அருங்காட்சியகம். 1851இல் தொடங்கியது. டிக்கெட் விலை ஒரு காபிக்கு ஆகும் செலவுதான். கேமராவுக்குத்தான் தனிக் கட்டணம், அதை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். எல்லாக் கூடங்களையும் ஒரே மூச்சில் பார்க்க முயலாதீர்கள். திமிங்கலத்தின் எலும்புக்கூடு பிள்ளைகளுக்கு. செப்புத் திருமேனிக் கூடம் உங்களுக்கும் மாமியாருக்கும். அங்கிருக்கும் புகழ்பெற்ற நடராசர் திருவாலங்காட்டில் கிடைத்தவர். உங்கள் வீட்டுக்கு அருகில் ஓடும் அதே அரக்கோணம் ரயில் பாதையில் இருக்கிற திருவாலங்காடுதான். இதைச் சொல்லிப் பிள்ளைகளை அவர் முன்னால் நிறுத்துங்கள். அந்தத் தூக்கிய காலை நின்று பார்ப்பார்கள்.

மெரினாவுக்கு விடியற்காலை ஐந்தரைக்குள் போய்விட்டு எட்டுக்குள் திரும்பிவிடுங்கள். கடலில் குளிக்கத் தடை இருக்கிறது. அலை கால்மாட்டிலிருக்கும் மணலை இழுக்கிற வேகத்தை நின்று பார்த்தாலே காரணம் விளங்கும். அங்கே குதிரைக்காரர் விலையைச் சொல்லும் முன் பிள்ளையைத் தூக்கிச் சேணத்தில் வைத்துவிடுவார். இறக்கிவிடும்போது ‘ஒரு ரவுண்டுக்கு இவ்வளவு, நீங்கள் மூன்று ரவுண்டு போயிருக்கிறீர்கள்’ என்பார். போதாததற்கு நீங்கள் கேட்காமலே ஒருவர் படம் எடுத்து பிரிண்டோடு வந்து நிற்பார். பிள்ளையின் கால் தரையில் இருக்கும்போதே பேரத்தை முடியுங்கள்.

வண்டலூரை இந்தக் கோடையில் மறந்துவிடுங்கள். பெரியவர்கள் மூவர் உள்ளே நுழைவதற்கே உங்கள் ஐந்நூறு ரூபாய் போதாது. அவ்வளவு பெரிய வளாகத்தில் வெயிலில் மாமியாரை நடக்கவைப்பதும் பாவம். கதீட்ரல் சாலையில் புதிதாக வந்த கலைஞர் நூற்றாண்டுப் பூங்கா அழகானது. ஆனால் உள்ளே நுழைய ஒரு டிக்கெட், பறவையகத்துக்கு ஒன்று, கம்பிச் சறுக்குக்கு ஒன்று என்று நீளும். எதிரிலேயே செம்மொழிப் பூங்கா இருக்கிறது, சிறு கட்டணத்தில் நிழலும் கிடைக்கும். எதற்கும் இணையத்தில் தேடியதும் முதலில் வரும் தளத்தில் பணம் கட்டாதீர்கள். அரசு இடங்களின் பெயரில் போலித் தளங்கள் உண்டு. நேரே போய்க் கவுன்டரில் வாங்குங்கள்.

வேன்காரருக்கு முன்பணம் ஏதும் கொடுத்திருந்தால், செவ்வாய்க்கிழமை பூங்கா மூடியிருக்கும் என்பதைச் சொல்லி இன்றே திரும்பக் கேளுங்கள். ‘வேறு இடம் காட்டுகிறோம்’ என்பார். பட்டியலில் இல்லாத இடம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.